மாற்று இதயமும் பழைய கல்லீரலும்

இதயத்தின் வலப்புறக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என்பதை முதலில் எழுதி வைத்தவர், கெய்ரோவில் வாழ்ந்து 1288இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு நஃபீஸ். அவ்வழியில் குருதியைத் தள்ளும் விசை வலக் கீழறையினுடையது. ஒரு கீழறை மட்டுமே செயல்படும் இதயத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த விசை வாய்ப்பதில்லை.

இதற்கு 1968இல் வழி கண்டவர், பிரான்சின் போர்தோ நகர அறுவை மருத்துவர் பிரான்சிஸ் ஃபோன்டான். உடலிலிருந்து திரும்பும் குருதியைக் கீழறைக்குள் விடாமல் நேரே நுரையீரல் தமனிக்குத் திருப்பிவிட்டார் அவர். பின்னர்ப் பல திருத்தங்கள் பெற்ற அம்முறையால், குழந்தைப் பருவத்தைக் கடக்க இயலாதிருந்த பலர் இன்று நடுவயதை எட்டியுள்ளனர்.

ஆயினும், தள்ளும் விசையின்றிக் குருதி ஓட வேண்டுமாயின் சிரைகளில் அழுத்தம் எப்போதும் மிகுந்திருக்க வேண்டும். அச்சுமையைக் கல்லீரல் தாங்குகிறது. வடிய வேண்டிய குருதி தேங்குவதால் ஆண்டுக்கணக்கில் அதில் தழும்பு படர்கிறது. சிலரிடம் அது ஈரல் சுருக்கமாக முற்றுகிறது. சிலருக்குப் புற்றுநோயும் தோன்றுகிறது. வழக்கமான இரத்தச் சோதனைகள் ஏறத்தாழ இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால் நோய் மறைந்தே வளர்கிறது.

இத்தகையோருக்கு இதயம் தளர்ந்து மாற்று இதயம் தேவைப்படும்போது, கல்லீரலையும் சேர்த்து மாற்றுவதா என்னும் வினா எழுகிறது. விடை எளிதன்று. ஈரலின் விறைப்பை அளக்கும் கருவி, தேக்கத்தையும் தழும்பையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதில்லை. தழும்பு சீராகப் படராததால், ஊசியால் எடுக்கும் சிறு துணுக்கும் முழு ஈரலுக்குச் சான்றாகாது. எனவே வயிற்றில் நீர் கோத்தல், உணவுக்குழாயில் சிரை புடைத்தல், மண்ணீரல் வீக்கம் ஆகிய அனைத்தையும் சேர்த்து நோக்கியே மருத்துவக் குழுவினர் முடிவு செய்கின்றனர்.

இதயத்தை மட்டும் மாற்றியவருக்குச் சிரை அழுத்தம் தணிந்து தேக்கம் நீங்குகிறது. தழும்பு ஓரளவு குறையலாம்; ஆனால் முற்றிய தழும்பு நிலைத்துவிடக்கூடும், புற்றுநோய் அச்சமும் உடன் அகல்வதில்லை. மேலும், புதிய இதயத்தை உடல் ஒதுக்காதிருக்க வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டிய டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளைச் சிதைத்து அகற்றுவதும் கல்லீரலே. அது தளர்ந்தால் மருந்தின் அளவு குருதியில் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

ஆகவே, கல்லீரலில் தழும்பு முற்றியவர்கள் இதய மாற்றுக்குப் பின்னும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்வது நலம். மஞ்சட்காமாலை பி தடுப்பூசியை அறுவைக்கு முன்பே போட்டுக்கொள்வது சிறந்தது. மதுவை அறவே விலக்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையோ மூலிகை மருந்தோ உட்கொள்ளலாகாது.