பொது வீதியும் தனியார் வழிகாட்டியும்

காலையில் உத்தியோகத்துக்குப் புறப்படும் நகரவாசி முன்னாளில் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் குடையை எடுத்துக்கொண்டான். இந்நாளில் கைப்பேசியைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்துகொள்கிறான். எந்தச் சாலையில் நெருக்கடி, எத்தனை நிமிஷம் தாமதம், சற்றுப் பொறுத்துப் புறப்படலாமா, வண்டியை வீட்டில் விட்டு ரயிலேறலாமா என்பனவெல்லாம் படத்தில் தோன்றும் சிவப்பு, பச்சைக் கோடுகளைக் கொண்டே தீர்மானமாகின்றன. இது அற்ப சௌகரியமன்று. வழியில் விபத்து நேர்ந்திருப்பதை அறிந்தவன் வேறு வழி போகிறான். அறியாத ஊரில் வந்திறங்கியவனும் எவரையும் கேளாமல் வீடு சேர்கிறான். இதனைக் குறை கூற நாம் முன்வரவில்லை. நாம் கேட்பதெல்லாம் இவ்வளவே: இந்தச் செய்தி எவருடைய உடைமை? இதனால் விளையும் கஷ்டத்தைச் சுமப்பவர் யார்?

செய்தி ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. வீதியில் செல்லும் பலருடைய கைப்பேசிகள் தாம் இருக்குமிடத்தையும் அசையும் வேகத்தையும் கம்பெனிக்குத் தெரிவித்துக்கொண்டே போகின்றன. பல கைப்பேசிகள் ஒரே இடத்தில் ஊர்ந்தால் அங்கே நெருக்கடி என்று கணக்காகிறது. 2020-ம் வருஷத்தில் சைமன் வெக்கர்ட் என்னும் ஜெர்மானியக் கலைஞர் ஒரு வேடிக்கையை வெளியிட்டார். 99 பழைய கைப்பேசிகளைச் சிறு கைவண்டியிலிட்டு பெர்லின் வீதியில் மெல்ல இழுத்து நடந்தார். வெறிச்சோடிய அவ்வீதி கூகுள் படத்தில் சிவந்து நின்றது. சிரிப்புக்குரிய சம்பவந்தான். ஆயினும் கணக்கின் மூலதனம் ஜனங்களுடைய நடமாட்டமே என்பதை அந்தக் கைவண்டி நன்கு விளக்கிற்று.

நிற்க. ஒருவனுக்கு மாத்திரம் தெரிந்த குறுக்கு வழி அவனுக்கு லாபம். பதினாயிரம் பேருக்கு ஒரே வேளையில் சொல்லப்பட்ட குறுக்கு வழி யாருக்கும் லாபமில்லை. அவரவர் தமக்குக் குறைந்த நேரத்தை நாடும்போது ஏற்படும் நிலை வேறு, எல்லோருடைய நேரமும் கூடிக் குறைந்திருக்கும் நிலை வேறு என்பதை 1952-ல் வார்ட்ராப் என்ற ஆங்கிலேயர் பிரித்துக் காட்டினார். புதுச் சாலை ஒன்றைத் திறப்பதாலேயே சகலருடைய பயணமும் நீளக்கூடும் என்று 1968-ல் பிரேஸ் என்ற ஜெர்மானியக் கணித நிபுணர் நிரூபித்தார். இதுவரை அண்டை வீட்டார் மட்டும் அறிந்திருந்த சந்தைப் படத்தில் காட்டுவது, நகரசபையைக் கேளாமல் புதுச் சாலை திறப்பதற்கே ஒப்பாகும்.

அமெரிக்காவில் நியூஜெர்ஸியைச் சேர்ந்த லியோனியா என்னும் சிற்றூரின் கதையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சுமார் 9,000 ஜனங்கள் வசிக்கும் அவ்வூர், நியூயார்க்குக்குச் செல்லும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு அருகிலுள்ளது. பெருஞ்சாலை நெருக்கடியானபோதெல்லாம் வழிகாட்டிச் செயலிகள் வெளியூர் மோட்டார்களை அதன் குடியிருப்பு வீதிகளுக்குள் திருப்பிவிட்டன. தம் வீட்டு வாசலிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவும் முடியாமல் ஊரார் தவித்தனர். பொறுத்துப் பார்த்த ஊராட்சியினர், 2018 ஜனவரியில் சுமார் 60 வீதிகளைக் காலை 6 முதல் 10 மணி வரையிலும், மாலை 4 முதல் 9 மணி வரையிலும் வெளியாருக்கு அடைத்தனர். உள்ளூர் வண்டிகளுக்கு மஞ்சள் அடையாளச் சீட்டு. மீறியவருக்கு 200 டாலர் அபராதம். வழக்கு மூண்டது. மாநிலப் போக்குவரத்துக் கமிஷனரின் அனுமதியைப் பெறாத தடை செல்லாதென்று நீதிமன்றம் அதே வருஷத்தில் தீர்ப்பளித்தது.

தீர்ப்பில் நாம் பிழை காணவில்லை. பொது வீதி சகலருக்கும் உரியது. மஞ்சள் சீட்டு உள்ளவனுக்கு ஒரு நீதி, இல்லாதவனுக்கு ஒரு நீதி என்பதைச் சட்டமறிந்த எவரும் எளிதில் ஒப்பார். ஆனால் இதன் விபரீதத்தைப் பாருங்கள். ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி ஒரு வீதியை அடைக்க அனுமதி வேண்டும், அறிவிப்பு வேண்டும், நீதிபதிக்குச் சமாதானம் சொல்லியாக வேண்டும். அதே வீதியில் ஆயிரம் மோட்டார்களைத் திருப்பிவிட்ட கணக்குக்கு அனுமதியுமில்லை, விசாரணையுமில்லை, அப்பீலுமில்லை.

வேஸ் என்னும் செயலியை 2013-ல் கூகுளே வாங்கிக்கொண்டது. அந்த வேஸ் 2014 முதல் தன்னுடன் உடன்பட்ட நகராட்சிகளுக்குச் செய்திகளை இலவசமாகப் பகிர்ந்து வருகிறதென்பதை நாம் மறைக்கவில்லை. அது நல்ல காரியமே. எனினும் அது தயவு, உரிமையாகாது. கொடுத்த கை நாளை மடங்கினால் எந்த நகரசபை எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்கும்?

சென்னைவாசிகளும் இதே படத்தைப் பார்த்துத்தான் தெருவுக்குள் தெருவாகத் திரும்புகிறார்கள். பள்ளிக்கூடம் விடும் வேளையில் இன்ன தெரு குறுக்குப் பாதையாகாது என்று நகரசபை தீர்மானித்தால், வழிகாட்டும் கம்பெனிகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நம் நடமாட்டத்தால் திரண்ட கணக்கை, ஆட்களின் அடையாளம் நீக்கி, நகரசபை கேட்கும்போது கொடுக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் சட்டமாக்கும்படி நமது பிரதிநிதிகளைக் கேட்கிறோம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் வாசகர்களும் இதைக் கேட்கலாம்.