மலையேறத் தயங்கும் எண்ணெய்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைத்து உருக்கியவர்களுக்குக் கேமரன் மலையின் டீசல் கதை எளிதில் புரிந்துவிடும்.

2019 பிப்ரவரியில் மலேசியா, வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலப்பதைக் கட்டாயமாக்கியது. கேமரன் மலை, கெந்திங் மலை, சபாவின் குண்டாசாங் போன்ற குளிர்ப் பகுதிகளுக்கு மட்டும் விலக்கு. அங்கே பழைய 7 விழுக்காடே தொடர்ந்தது.

காரணம், செம்பனையின் பிறவிக் குணம். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்றவை. வளைவில்லாத நேர்ச் சங்கிலிகள் என்பதால் குளிர் பட்டதும் விறகுக் கட்டைபோல் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். கலப்பில்லாத செம்பனை பயோடீசல் 15 டிகிரி வாக்கிலேயே மங்கிப்போய் மெழுகுத் துகள் விடும். டீசலோடு சேர்ந்தால் அவ்வளவு சீக்கிரம் உறையாது என்பது உண்மைதான். ஆனால் கேமரன் மலையில் 1978-ல் 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியிருக்கிறது. எரிபொருள் வடிகட்டி அடைத்துக்கொண்டால் விடியற்காலையில் தேயிலைக் கொழுந்து லோரி கிளம்பாது.

இந்த நிறைவுற்ற அமிலங்களை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. எண்ணெய் சீக்கிரம் கெடாமல் காப்பவை அவைதான். எஞ்சினுக்குள் சட்டென்று தீப்பிடிக்க உதவுபவையும் அவைதான். 1982-லேயே செம்பனை டீசல் ஆராய்ச்சியைத் தொடங்கி, பிறகு பேருந்துகளில் ஓட்டிப் பார்த்த மலேசிய ஆய்வாளர்கள், உறைபவற்றைப் பிரித்தெடுத்துக் குளிர்நாடுகளுக்கேற்ற வகையையும் உருவாக்கினார்கள். இன்னொரு வழி, எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி, நேர்ச் சங்கிலிகளில் கிளை முளைக்கச் செய்வது. கிளை முளைத்துவிட்டால் நெருங்கி அடுக்க முடியாது. எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம்; செலவும் இதில்தான் அதிகம்.

பயோடீசலுக்குச் சூட்டப்படும் 'கரிமச் சமநிலை' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்தி நிதானித்துப் பார்க்க வேண்டும். புகையாகும் கரி, செம்பனை மரம் காற்றிலிருந்து எடுத்ததுதான். ஆனால் பயோடீசலாக்கச் சேர்க்கும் மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. சதுப்புக் காட்டை வடித்து நட்ட மரமென்றால், அப்போது வெளியேறிய கரியின் கடன் பல பத்தாண்டுகளுக்குத் தீராது.

சமநிலை வேறு, சுத்தம் வேறு. பயோடீசலில் எடைக்கு 11 விழுக்காடு ஆக்சிஜன் இருப்பதால் கரிப்புகை குறையும். நைட்ரஜன் ஆக்சைடுகளோ சற்றுக் கூடவும் செய்யலாம். மலைச்சரிவில் இதைவிட நெருக்கமான புகை ஒன்று உண்டு. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழருடையவை. இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள், இருவர் பிடிக்கும் வெட்டு மெஷினால் கொழுந்து எடுக்கிறார்கள். இத்தகைய மெஷின்களில் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்தான். புதுக் கலவை உள்ளே வரும்போதே புகைவாயும் திறந்திருப்பதால், பெட்ரோலும் எண்ணெயும் கொஞ்சம் எரியாமலே வெளியேறும். எரிபொருளை எந்த மரத்திலிருந்து எடுத்தாலும் அந்த ஒழுக்கு நிற்காது. எஞ்சினைத்தான் மாற்ற வேண்டும். அந்த எஞ்சின் இருப்பது மெஷினின் ஒரு முனையில், அதைப் பிடித்து நடப்பவரின் இடுப்பருகே.