இடித்தது ஒரு பங்கு, தள்ளியது மூன்று பங்கு

2022 செப்டம்பர் 26 அன்று, பூமியிலிருந்து சுமார் 1.1 கோடி கிலோமீட்டர் தொலைவில், நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபோஸ் என்ற சிறுகோளின் மீது வேண்டுமென்றே போய் மோதியது. விண்கலத்தின் நிறை ஏறக்குறைய 580 கிலோ, வேகம் நொடிக்கு 6.1 கிலோமீட்டர். சிறுகோளின் குறுக்களவு சுமார் 150 மீட்டர், நிறை 430 கோடி கிலோ என்பது மதிப்பீடு. அந்தச் சிறுகோளால் நமக்கு எந்த ஆபத்தும் இல்லை. நாளைக்கு ஆபத்தான ஒன்று வந்தால் இடித்துத் தள்ள முடியுமா என்று பார்க்கத்தான் இந்த ஒத்திகை.

எவ்வளவு தள்ளும் என்பதை உந்தம்தான் சொல்லும். நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். அதற்குத் திசையும் உண்டு. கிழக்கே போவது கூட்டல் என்றால் மேற்கே போவது கழித்தல். இரண்டு பொருள்கள் மோதும்போது வெளியிலிருந்து வேறு விசை குறுக்கிடாவிட்டால், மோதலுக்கு முன்பிருந்த மொத்த உந்தம் மோதிய பிறகும் அப்படியே இருக்கும். காரணம் நியூட்டனின் மூன்றாம் விதி. ஒன்று மற்றொன்றைத் தள்ளும் அதே விசையில், அதே நேரம், எதிர்த்திசையில் தானும் தள்ளப்படுகிறது. ஒன்று பெற்றது மற்றொன்று இழந்தது.

இயக்க ஆற்றலுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. அது வெப்பமாகவும் நொறுங்கலாகவும் கரைந்துபோகலாம். அப்படிக் கரைந்தால் மீட்சியற்ற மோதல், கரையாவிட்டால் மீட்சி மோதல் என்று பாடநூல் பிரிக்கிறது. ஆற்றல் போனால் உந்தமும் கொஞ்சம் போயிருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். போகாது, இரண்டு வகையிலும் உந்தக் கணக்கு நேராகிவிடும்.

இனி டார்ட்டின் கணக்கு. 580 கிலோவை நொடிக்கு 6,100 மீட்டரால் பெருக்கினால் சுமார் 35 லட்சம். விண்கலம் அப்படியே கல்லில் புதைந்துபோயிருந்தால், இதை 430 கோடியால் வகுக்க வேண்டும். சிறுகோளின் வேகம் நொடிக்கு 0.8 மில்லிமீட்டர் மாறியிருக்கும். ஆனால் மாறியது சுமார் 2.7 மில்லிமீட்டர். மூன்று மடங்குக்கும் மேல்!

உந்தம் புதிதாகப் பிறக்காது என்றோமே, மீதி எங்கிருந்து வந்தது? திறந்திருக்கும் கதவின் மீது ஒரு களிமண் உருண்டையையும் அதே எடையுள்ள ரப்பர் பந்தையும் ஒரே வேகத்தில் எறிந்து பாருங்கள். ஒட்டிக்கொள்ளும் களிமண்ணைவிட, திரும்பி வரும் பந்துதான் கதவை அதிகம் தள்ளும். பந்து எதிர்த்திசையில் கிளம்ப வேண்டுமானால் கதவு இன்னொரு பங்கு உந்தத்தை முன்பக்கம் வாங்கியாக வேண்டும். டைமார்ஃபோஸில் திரும்பி வந்தது விண்கலமல்ல, அந்தச் சிறுகோளின் சொந்தக் கல்லும் தூசும்தான். 10 லட்சம் கிலோவுக்கு மேல் பிய்த்துக்கொண்டு, பெரும்பாலும் விண்கலம் வந்த திசை நோக்கியே பீறிட்டது. அதற்கு ஈடான தள்ளல் சிறுகோளுக்குக் கிடைத்தது. சிதறிய தூசையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் மாறவே இல்லை.

2.7 மில்லிமீட்டரை இவ்வளவு தூரத்திலிருந்து யாரும் நேராக அளக்கவில்லை. டைமார்ஃபோஸ் தன்னைவிடப் பெரிய டிடிமோஸ் என்ற சிறுகோளைச் சுற்றி வருகிறது. ஒன்றை ஒன்று மறைக்கும்போது ஒளி மங்கும். தொலைநோக்கிகள் அந்த மங்கலை வைத்து நேரம் கணித்தன. ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம் ஆனது, மோதலுக்குப் பின் சுமார் 33 நிமிடம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், டார்ட் எதிரே வந்து மோதி அதன் வேகத்தைக் குறைத்தது. வேகம் குறைந்த கல் உள்பக்கமாக இறங்கியது, பாதை சுருங்கியது, சுற்று சீக்கிரம் முடிகிறது. 73 நொடி குறைந்தாலே வெற்றி என்றுதான் நாசா வைத்திருந்தது.

ஆனால் அந்த மூன்று மடங்கை எல்லாச் சிறுகோளுக்கும் பொருத்திவிட முடியாது. தளர்ந்த கற்குவியல் ஒரு மாதிரி சிதறும், இறுகிய பாறை வேறு மாதிரி. டைமார்ஃபோஸின் நிறைகூட இன்னும் மதிப்பீடுதான். அதை அருகே போய் அளக்க ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 அக்டோபரில் ஹெரா விண்கலத்தை அனுப்பியது. 2026 இறுதியில் அது போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம்.