மண்டைக்குள்ள ஓடுற நாலு வாக்கியம்

போன வருஷம் ஆடி மாசம் எடை பார்த்தப்போ 91 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். மூணு மாச சராசரி சர்க்கரை 6.2 சதவீதம். "இன்னும் சுகர் வரல, ஆனா வாசல்ல வந்து நிக்குது"ன்னார் டாக்டர்.

எங்க வீட்டுக்கு இந்த விருந்தாளி புதுசில்லை. அப்பா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் சூளை பார்த்தவர். அவருக்குச் சர்க்கரை வந்து, கால் புண் ஆறாமல், கடைசியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். நான் அதே பேட்டையில் வேறொரு யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். நாள் பூரா உட்கார்ந்த வேலை.

அதுக்கு முன்னாடி மூணு தடவை எடை குறைக்க ஆரம்பிச்சு, மூணு தடவையும் மூணாவது வாரத்தில் விட்டிருக்கேன். நாலாவது தடவை சாப்பாட்டில் கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினேன். சாப்பாடு, நடை, எடை சம்பந்தமாக மனசுக்குள்ள என்ன வாக்கியம் ஓடினாலும் அப்படியே எழுதுறதுன்னு ஒரு மாசம் வெச்சுக்கிட்டேன். மாசக் கடைசியில் எண்ணிப் பார்த்தா நூறுக்கு மேல வரிகள் இருந்தன. ஆனா திருப்பித் திருப்பி வந்தது நாலே நாலு வாக்கியம்தான். அந்த நாலையும் பற்றி ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்லியிருக்காங்கன்னு தேடிப் படிச்சேன். இந்தப் பதிவு அதன் தொகுப்பு.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். நல்லதா நினைச்சா கொழுப்பு கரையும்னு நான் சொல்ல வரல. கொழுப்பு கரைய, செலவழிக்கிறதை விடக் குறைவாகச் சாப்பிடணும். அந்தக் கணக்கு யாருக்கும் மாறாது. மனசுக்குள்ள ஓடுற வாக்கியம் தீர்மானிக்கிறது, அடுத்த அஞ்சு நிமிஷத்தில் நம்ம கை எங்கே போகும் என்பதை.

1. "எங்க வம்சமே இப்படித்தான்"

இது பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் உடல் பருமன் வேறுபடுவதில் 40 முதல் 70 சதவீதம் வரை பரம்பரைக்குப் பங்கு உண்டு. எடையோடு தொடர்புடைய பொதுவான மரபணுக்களில் வலுவானது எஃப்டிஓ. 2007-ல் கண்டுபிடித்தார்கள். அதன் மோசமான வடிவத்தை அப்பா, அம்மா ரெண்டு பேரிடமிருந்தும் வாங்கியவர்கள், வாங்காதவர்களை விடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருக்கிறார்கள். 3 கிலோ! என் உயரத்துக்கு நான் 20 கிலோவுக்கு மேல் கூடுதல். மீதி 17 கிலோவை எந்த முப்பாட்டன் கணக்கில் எழுதுறது?

இன்னொன்றும் படிச்சேன். 2016-ல் எட்டு சோதனைகளின் 9,563 பேரைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அந்த மரபணு இருந்தவர்களும் முயற்சி எடுத்தபோது மத்தவங்க அளவுக்கே எடை குறைந்தார்கள்.

2019-ல் ஸ்டான்ஃபோர்டில் செய்த சோதனை எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஆட்களின் மரபணுவைப் பரிசோதிச்சாங்க. பிறகு முடிவைச் சொல்லும்போது, உண்மையான முடிவைச் சொல்லாமல் குலுக்கல் முறையில் ஒரு முடிவைச் சொன்னாங்க. "உங்க மரபணு உடற்பயிற்சிக்கு ஒத்துழைக்காது" என்று சொல்லப்பட்டவர்கள் அடுத்த தடவை ஓடும் இயந்திரத்தில் முன்னைவிடச் சீக்கிரம் களைத்தார்கள். நல்ல மரபணு உள்ளவர்களுக்கும் அப்படித்தான். "உங்களுக்குச் சீக்கிரம் வயிறு நிறையும் மரபணு இருக்கு" என்று கேட்டவர்களுக்கு, அதே பானத்தைக் குடித்தபின் வயிறு நிறைந்த உணர்வும் கூடியது, அதற்கான ஹார்மோனும் ரத்தத்தில் கூடியது. சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். நமக்குத்தான் யாரும் வந்து சொல்றதில்லை. "வம்சம்"ங்கிற அந்தச் சீட்டை வாழ்நாள் பூரா சட்டைப்பையில் வெச்சுக்கிட்டுச் சுத்துறோம்.

2. "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்ல"

பக்கத்து வீட்டு அக்கா பொம்மை யூனிட்டில் பிசிர் எடுக்கும் வேலை செய்பவர். "தண்ணி குடிச்சாக்கூட ஏறுது தம்பி"ம்பாங்க. எனக்கும் என்னைப் பற்றி அதே நினைப்புதான்.

1992-ல் நியூயார்க்கில் இப்படிச் சொன்ன பத்துப் பேரை ஆராய்ந்தார்கள். தினம் 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்பது அவர்கள் சொன்ன குறை. உடம்பு உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்று அளந்து பார்த்தபோது, அது அவர்கள் உடலுக்கு எதிர்பார்த்த அளவில்தான் இருந்தது. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வேணும்னே பொய் சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தோணல. நான் யாரிடம் பொய் சொன்னேன்?

என் கணக்கில் வராதது மல்லாட்டை. எங்க பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பேரு. சாயங்காலம் லெட்ஜரைப் பார்த்துக்கிட்டே ஒரு பொட்டலம் காலியாகும். ஒருநாள் தராசில் வெச்சுப் பார்த்தேன், 70 கிராம். வறுத்த மல்லாட்டை 100 கிராமுக்குச் சுமார் 570 கலோரி. அப்போ 400 கலோரி, மூணு தோசை. ராத்திரி வீட்டுக்கு வந்து "ரெண்டு இட்லி போதும்மா, பத்தியம்"னு சொன்னவன் நான்.

சுந்தரர் இந்த ஊர் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுறதுன்னு சொலவடையே உண்டு. அவருக்குச் சாமி எடுத்துக் கொடுத்தார். நான் எடையை மல்லாட்டையில் போட்டுட்டு தைராய்டில் தேடிக்கிட்டிருந்தேன். ரிசல்ட் நார்மல்.

3. "இன்னைக்கு போச்சு"

நோட்டில் அதிகமா வந்த வரி இதுதான். ஒரு புதன்கிழமை சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் ரெண்டு ஜாங்கிரி, பாயசம், வடை. எழுந்திரிக்கும்போதே "இன்னைக்கு போச்சு, திங்கக்கிழமைல இருந்து பாத்துக்கலாம்"னு ஒரு குரல். புதனுக்கும் திங்களுக்கும் நடுவில் நாலு நாள் முழுசா இருக்கு!

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7,700 கலோரி. பந்தியில் கூடுதலாக ஆயிரம் கலோரி சாப்பிட்டிருந்தாலும் 130 கிராம்தான் ஏறும். மறுநாள் தராசு ஒன்றரைக் கிலோ கூடக் காட்டினால், அதில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடிச்சு வெச்ச தண்ணி. கெடுதலைச் செய்தது பந்தி இல்லை, அந்த நாலு நாள்.

1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சில பெண்களுக்கு மில்க் ஷேக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல், அப்புறம் "ருசி பார்த்துச் சொல்லுங்க" என்று ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். நியாயம்தானே. ஆனா எப்பவும் பத்தியத்தில் இருப்பவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம் முறிஞ்சாச்சு, இனி என்ன? நம்ம பாஷையில் இதைப் 'போனா போவுது' விளைவு என்று சொல்லலாம்.

மருந்து என்ன? நம்ம வழக்கப்படி தன்னைத்தானே திட்டிக்கணும். ஆனா 2007-ல் ஆடம்ஸ், லியரி செய்த சோதனை வேறு சொல்லுது. ஒரு டோனட் தின்ன வைத்த பிறகு, சிலரிடம் மட்டும் "எல்லாரும் எப்பவாவது இப்படிச் சாப்பிடறதுதான், உங்களைக் கடிஞ்சுக்காதீங்க" என்று சொன்னார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பழக்கம் உள்ளவர்களில், இந்த வார்த்தையைக் கேட்டவர்கள் அடுத்து வந்த மிட்டாயைக் குறைவாகத்தான் தின்றார்கள். இளக்காரம் கொடுத்தா ஏறி உக்காந்துடும்னு நாம நினைக்கிறோம். நடந்தது நேர் எதிர்.

4. "எடையே இறங்கல, நடந்து என்ன புண்ணியம்?"

இதை நோட்டில் முதல் தடவை எழுதினப்போ பேனா நின்னுடுச்சு. ஏன்னா இது அப்பா குரல். டாக்டர் சொன்னாருன்னு அவர் ஒரு மாசம் கோயிலைச் சுத்தி நடந்தார். எடை இறங்கல. இதே வார்த்தையைச் சொல்லிட்டு நிறுத்திட்டார். குழந்தைகள் வெளியில் கேட்ட பேச்சுதான் பின்னால் உள்பேச்சாக மாறுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் விகாட்ஸ்கி 1934-லேயே எழுதியிருக்கார். நம்ம மனசுன்னு நினைச்சுக்கிட்டு நாம கேட்கிறது பல நேரம் வேற யாரோ பேசினது.

அந்த வாக்கியம் தப்புன்னு நம்ம சென்னையிலேயே நிரூபிச்சிருக்காங்க. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ல் வந்தன. சர்க்கரை வாசலில் நின்ற, அதாவது என்னை மாதிரியான, 531 பேர். சுமார் மூணு வருஷம். வழக்கம்போல விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடை, சாப்பாடு என்று வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு எடை பெரிசாக இறங்கவே இல்லை. தராசு முள் அசையாத அந்த மூணு வருஷமும் நடை உள்ளே வேலை செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.

அப்பா நிறுத்தினது இந்த முடிவு வெளியாகி ரெண்டு வருஷம் கழிச்சு. அவரிடம் யாரும் சொல்லல.

இதில் எனக்கு ஆறாத ஒன்று இருக்கு. சூளையில் அடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பொம்மையையும் அப்பா திருப்பிப் பார்ப்பார். விரிசல் விட்டதைத் தனியே எடுத்துத் தொட்டியில் போடுவார். "சுடறதுக்கு முன்னாடி எதுவும் வீணில்ல, கரைச்சா திரும்ப வரும்"பார். மண்ணுக்குச் சொன்னதை அவர் தன் உடம்புக்குச் சொல்லிக்கல. தன்னைச் சுட்டு முடிச்ச பண்டம்னு நினைச்சுக்கிட்டார்.

வாக்கியத்தை எப்படி மாத்துறது?

கண்ணாடி முன்னாடி நின்னு "நான் ஒல்லியாகிறேன், நான் ஒல்லியாகிறேன்"னு சொல்றது எனக்கு உதவல. அதுக்கும் ஒரு ஆய்வு உண்டு. 2009-ல் ஜோன் வுட் குழுவினர், தன்மதிப்பு குறைந்தவர்களை "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். சொன்ன பிறகு அவர்கள் மனநிலை இன்னும் மோசமானது. நம்பாததைச் சொன்னால் உள்ளிருந்து ஒரு குரல் மறுத்துப் பேசும்.

அதனால் நான் ரெண்டே விதி வெச்சுக்கிட்டேன். புது வாக்கியம் உண்மையா இருக்கணும். அதில் அடுத்து செய்ய வேண்டிய வேலை இருக்கணும். என் நோட்டில் இப்போ இருப்பது இதுதான்:

"வம்சத்துல இருக்கு, அதனால மத்தவங்களை விட முன்னாடியே பார்க்கணும்."

"என்ன சாப்பிட்டேன்னு எனக்கு ஞாபகம் இருக்காது, அதனால எழுதிடறேன்."

"பந்தி முடிஞ்சுது, அடுத்த வேளை வழக்கம்போல."

"தராசு இன்னைக்கு என்ன சொன்னாலும் சாயங்காலம் நாப்பது நிமிஷம்."

எதிலும் பெரிய உற்சாகம் இல்லை. ஆனா எதையும் என் மனசு மறுத்துப் பேசல.

ஒரு எச்சரிக்கை. எல்லாம் எண்ணத்தில்தான் இருக்குன்னு யாராவது இதைப் படிச்சுட்டுப் பக்கத்து வீட்டுக்காரருக்கு உபதேசம் பண்ண வேண்டாம். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எல்லாம் எடையை ஏற்றக்கூடியவை. ராத்திரி சூளைக்குக் காவல் இருக்கிறவருக்குத் தூக்கமும் சாப்பாட்டு நேரமும் கெட்டுத்தான் போகும். அதுக்கெல்லாம் டாக்டர் வேணும், வேலை நேரம் மாறணும். "உன் எண்ணம் சரியில்ல"ங்கிறது குண்டா இருக்கிறவங்களுக்கு இன்னொரு வசவா ஆயிடக் கூடாது.

இந்த ஆவணியில் பார்த்தது: எடை 85.5 கிலோ, சர்க்கரை 5.8. பதிமூணு மாசத்தில் அஞ்சரைக் கிலோ. யாரும் விளம்பரத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. நடுவில் ரெண்டு தடவை, ஆறு வாரம், எட்டு வாரம்னு முள் அசையவே இல்லை. முன்னாடின்னா அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

நீங்களும் ஒரு வாரம் எழுதிப் பாருங்க. எதையும் மாத்த வேணாம், திட்டவும் வேணாம், வர்றதை வர்ற மாதிரியே எழுதுங்க. எழுதி முடிச்சு ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. அது யார் குரல்னு உங்களுக்கே தெரியும்.