கடற்பசுவைக் கணினிக்குக் காட்டுவது யார்?

மன்னார்த் தீவுக்கு வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரு கடலிலும் கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவை இன்று காண்பதே அரிது. இறைச்சிக்காகப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது சட்டம் காக்கிறது. ஆனாலும் வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகின்றன. எத்தனை மிஞ்சியிருக்கின்றன? சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை மட்டும் நீட்டிவிட்டு அமிழ்ந்துபோகும் விலங்கை எண்ணுவது எளிதல்ல. வானிலிருந்து எடுத்த படங்களில் அதைத் தேடும் வேலையைக் கணினியிடம் விடலாம்.

கணினிக்கோ கடற்பசு புதிதல்ல. 2009இல் அறிமுகமான இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பை வைத்து நடந்த போட்டியில் 1,000 வகைப் பொருள்களைக் கணினி இனங்காண வேண்டும். அந்தப் பட்டியலில் கடற்பசுவும் உண்டு. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகக் குழுவின் அலெக்ஸ்நெட் என்ற கணினி மாதிரி அந்தப் போட்டியில் வென்ற பிறகுதான் படங்களை இனங்காணக் கணினியைப் பழக்கும் துறை வேகமெடுத்தது. "மூஞ்சி தட்டை, வால் திமிங்கிலம்போல" என்று கணினிக்கு யாரும் விளக்குவதில்லை. பெயரிட்ட படங்களைக் காட்டுகிறார்கள், அது ஊகிக்கிறது, பிழைவிட்டால் உள்ளிருக்கும் எண்களைச் சற்றே திருத்திக்கொள்கிறது. இலட்சக்கணக்கான முறை இதே பாடம்.

ஆகவே காட்டாததை அது அறியாது. தெளிந்த நீரில் சுழியோடிகள் அருகிலிருந்து எடுத்த படங்களில் பழகிய கணினிக்கு, கலங்கிய நீரில் மேலிருந்து தெரியும் மூன்று மீற்றர் உடல் வெறும் பழுப்புப் பொட்டு. வெயில் மினுக்கமும் முகில் நிழலும் அதை ஏமாற்றும்.

அவுஸ்திரேலியாவின் ஷார்க் பே குடாவில், மர்டொக் பல்கலைக்கழகத்தின் அமாண்டா ஹொட்சன் குழு ஆளில்லா விமானத்தால் 6,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வுக்காக மனிதக் கண்களே ஒவ்வொரு படத்தையும் துழாவின. பிறகுதான், குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிக் மேயருடன் சேர்ந்து, அந்த வேலையைக் கணினிக்குப் பழக்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கடலில் படித்த கணினியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் போதாது என்பது என் உறுதியான எண்ணம். நமது நீரின் நிறம் வேறு, அடித்தளம் வேறு. கணினிக்குக் காட்டும் படத்தில் எதைச் சுற்றிப் பெட்டி வரைந்து பெயரிடுவது என்பதை மன்னார்ப் பகுதியின் பேசாலை, வங்காலை, சிலாவத்துறை மீனவர்கள் சொல்லட்டும். அந்த வேலைக்கு உரிய கூலியும் பெறட்டும். மேய்ந்த இடத்தில் கடற்புல் வேரோடு பறிபட்டுத் தடம் விழும் என்பதால், அந்தத் தடங்களையும் குறிக்கலாம். கடற்பசுபோலத் தோன்றி ஏமாற்றும் ஆமை, திருக்கை, அறுந்த வலைமிதவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வேண்டும். படமெடுக்கும் வேலையைச் சோளகக் காற்று தொடங்குமுன், கடல் படுத்திருக்கும் நாட்களிலேயே முடித்துவிட வேண்டும்.