சைவம் சாப்பிடுறவங்களுக்குக் கறி நினைப்பு வருமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில், திருவரங்குளம் பக்கம் ஒரு டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். "கறி எடுத்தாச்சா?" என்ற கேள்வி கட்டாயம் காதில் விழும். "சாப்பிட்டாச்சா" மாதிரி அதுவும் ஒரு விசாரிப்புதான். "இல்லைங்க, நாங்க சைவம்" என்று யாராவது சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அதெப்படி... ஒரு தடவகூட ஆசை வந்ததில்லையா?"

கேட்பவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. இந்தியப் பதிவாளர் அலுவலகத்தின் 2014 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் அசைவம் சாப்பிடுபவர்கள் 97 சதவீதத்துக்கும் மேல். அதாவது 100 பேர் உட்காரும் பந்தியில் சைவம் இரண்டு அல்லது மூன்று பேர்தான். அந்த இரண்டு பேரைப் பார்த்து மற்றவர்கள் ஆச்சரியப்படுவதில் தப்பில்லை.

ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டுமே அரைகுறை. "சீச்சீ, அந்த வாடையே ஆகாது" என்பது ஒன்று. "அதெல்லாம் ஒண்ணும் தோணாது" என்று பேச்சை மாற்றுவது இன்னொன்று. உண்மையில் என்ன நடக்கிறது?

தெரியாத ருசியை எப்படித் தேடுவது?

முதலில் பிறந்ததிலிருந்தே சைவம் சாப்பிடுபவர்கள். இவர்களிடம் "மிஸ் பண்றீங்களா?" என்று கேட்பதில் பெரிய அர்த்தம் இல்லை. ஏக்கம் வர ஒரு ஞாபகம் வேண்டும். துரியன் பழத்தை ஒருமுறைகூடச் சாப்பிடாதவருக்கு துரியன் ஆசை வராது, அவ்வளவுதான்.

இந்த ஞாபகம் நாம் நினைப்பதைவிட சீக்கிரம் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கர்ப்ப காலத்திலோ தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலோ கேரட் ஜூஸ் குடித்த அம்மாக்களின் குழந்தைகள், பின்னாளில் கேரட் வாசமுள்ள உணவை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன. அம்மா சாப்பிடுவதன் வாசம் பனிக்குட நீர் வழியாகவும் பால் வழியாகவும் குழந்தைக்குப் போகிறது. ஆக, மீன் குழம்பு வீட்டுக் குழந்தைக்கு மீன் குழம்பு பிறக்கும் முன்பே அறிமுகம். சைவ வீட்டுக் குழந்தைக்கு அந்த அறிமுகமே இல்லை.

அதனால்தான் ஒரே தெருவில் ஒரே காற்றில் வரும் ஒரே வாசம், ஒருவருக்கு 'மணம்', இன்னொருவருக்கு 'கவுச்சி'. மூக்குக்குள் போகும் மூலக்கூறு ஒன்றுதான். பெயர் வைப்பது பழக்கம். இதில் யாருடைய மூக்கும் உசத்தி இல்லை.

கறியா, மசாலாவா?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பரோட்டா கடைக்குப் போகிறீர்கள். "எம்ட்டி சால்னா" கேட்கிறீர்கள். அதில் கறித்துண்டு கிடையாது. பல கடைகளில் எலும்புகூடக் கிடையாது; தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை, கிராம்பு, கல்பாசி, வெங்காயம், தக்காளிதான். ஆனாலும் அது 'கறிக்கடை வாசம்' அடிக்கிறது. ஏனென்றால் தமிழ்நாட்டில் நாம் கறி வாசம் என்று நினைப்பதில் பெரும்பங்கு மசாலா வாசம். சில சைவ வீடுகளில் சோம்பையும் பட்டையையுமே உள்ளே விடமாட்டார்கள். "அசைவ வாடை வருது" என்பார்கள். வருவது ஒரு விதையின் வாசம், பாவம்!

அப்படியானால் கறிக்கென்று தனியாக எதுவும் இல்லையா? இருக்கிறது. மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

நாக்கில் தெரியும் அந்த ஆழமான சுவைக்குப் பெயர் உமாமி. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908ல் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து இந்தப் பெயரை வைத்தார். அதாவது 'கறிச்சுவை' என்று பலர் நினைக்கும் சுவை, முதலில் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு கடல் தாவரத்தில்! 1913ல் ஷிண்டாரோ கோடாமா, உலர்ந்த மீனிலிருந்து இனோசினேட் என்ற இன்னொரு பொருளைக் கண்டறிந்தார். இறைச்சியில் இந்த இரண்டும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறும். கறிக்குழம்பில் தக்காளி போட்டால் தூக்கலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தக்காளியில் குளுட்டமேட் தாராளம்.

அடுத்தது வறுபடும் வாசம். சூட்டில் புரதமும் சர்க்கரையும் வினைபுரிவதை 1912ல் பிரெஞ்சு வேதியியலாளர் மயார் விளக்கினார். சுக்கா வறுவலின் கருஞ்சிவப்பு நிறமும், தோசையின் முறுகல் ஓரமும், காபிக்கொட்டை வறுபடும் வாசமும் ஒரே குடும்பம்.

மூன்றாவது, கொழுப்பு. ஆட்டுக்கறியை ஆட்டுக்கறி என்று காட்டிக்கொடுப்பது இதுதான். ஆட்டுக் கொழுப்பில் உள்ள சில தனிவகைக் கொழுப்பு அமிலங்கள் அந்த 'ஆட்டு வாசத்தை' கொடுக்கின்றன. கொழுப்பை நீக்கிவிட்டால் எந்த மிருகத்தின் இறைச்சி என்று வாசத்தை வைத்துச் சொல்வது கஷ்டம்.

இந்த மூன்றில் முதல் இரண்டு சைவச் சமையலிலும் கிடைக்கிறது. காளான், தக்காளி, நன்றாக வதக்கிய வெங்காயம் போதும். மூன்றாவது கிடைக்காது. அதனால்தான் காளான் பிரியாணி 'கிட்டத்தட்ட' என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

பலா இருக்கும் ஊர்

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரம் பலாவுக்குப் பெயர் போனது. இப்போது வெளிநாட்டு உணவகங்களில் பலாப்பிஞ்சை இறைச்சிக்கு மாற்றாக விற்கிறார்கள். நார்நாராகப் பிரிவது கறி மாதிரி இருக்கிறதாம். நம் ஊர் அடுப்படியில் பிஞ்சுப் பலாவை மசாலா போட்டு வதக்குவது புதுசில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பலாப்பிஞ்சில் புரதம் மிகக் குறைவு. மெல்லும்போது கறி மாதிரி, சத்தில் காய் மாதிரி. மீல் மேக்கர் இதற்கு நேர் எதிர். புரதம் நிறைய, தன் சொந்த ருசி குறைவு.

இந்த மாற்று இறைச்சிகளை யார் கேட்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. மலேசியாவில் தமிழர் நடத்தும் சைவ உணவகங்களில் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த 'மட்டன்' சாதாரணமாகக் கிடைக்கும். அமெரிக்காவில் 2016ல் வந்த இம்பாசிபிள் பர்கர், இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்ற பொருளைச் செடியின் மரபணுவைக் கொண்டு ஈஸ்டில் உருவாக்கிச் சேர்த்தது. அவர்கள் குறிவைத்தது சைவர்களை அல்ல, கறி சாப்பிடுபவர்களை. பரம்பரைச் சைவர் ஒருவரிடம் அச்சு அசலாகக் கறி மாதிரி இருக்கும் ஒன்றை நீட்டிப் பாருங்கள். நல்லா இருக்கு என்று சொல்வதைவிடத் தட்டைத் தள்ளிவைக்கவே வாய்ப்பு அதிகம்.

சாப்பிட்டு விட்டவர்கள்

ஆசை, ஏக்கம் என்பதெல்லாம் இவர்கள் கதைதான்.

புரட்டாசியில் ஒரு மாதம் கறியைத் தள்ளிவைப்பவரையும், ஐயப்பனுக்கு மாலை போட்டவரையும் கேளுங்கள். எண்ணி எண்ணித்தான் நாளைக் கடத்துவார்கள். அதே ஆள் முழுசாக விட்டுப் பத்து வருஷம் ஆனபிறகு கேட்டால், "ஞாபகமே வரலைங்க" என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். உணவு ஏக்கம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020ல் எழுதிய உளவியலாளர் அட்ரியன் மொயில் சொல்வதும் இதுதான்: குறுகிய காலம் ஒன்றைத் தவிர்த்தால் ஏக்கம் கூடும், நீண்ட காலம் தவிர்த்தால் குறையும். முடிவுத் தேதி தெரிந்த விரதத்தில் மனசு அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருக்கும் என்பது என் அனுமானம்.

ஏன் விட்டோம் என்பதும் முக்கியம். பால் ரோசின் குழுவினர் 1997ல் வெளியிட்ட ஆய்வில், உயிர்க்கொலை கூடாது என்ற காரணத்துக்காக விட்டவர்களுக்கு இறைச்சி மீது அருவருப்பு அதிகமாகவும், உடல்நலத்துக்காக விட்டவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. கொலஸ்ட்ராலுக்குப் பயந்து விட்டவர் பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.

காந்தி இதற்கு நல்ல உதாரணம். சிறுவயதில் நண்பர் சொல்கேட்டு ஆட்டிறைச்சி சாப்பிட்டதையும், அன்றிரவு வயிற்றுக்குள் உயிருள்ள ஆடு கத்துவதுபோல் கனவு வந்ததையும் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். பலர் அங்கேயே கதையை நிறுத்திவிடுவார்கள். அவர் நிறுத்தவில்லை. அதன்பிறகும் சில முறை சாப்பிட்டார்; ருசிக்கவும் பழகிவிட்டது. அவர் விட்டது ருசி பிடிக்காமல் அல்ல, பெற்றோரிடம் பொய் சொல்ல முடியாமல். கொள்கையாகச் சைவத்தை ஏற்றது பின்னாளில், லண்டனில் ஹென்றி சால்ட்டின் புத்தகத்தைப் படித்த பிறகு.

"உடம்பு கேக்குதுப்பா, அதான் ஆசை வருது" என்று ஒரு வாதம் உண்டு. உடம்பு அவ்வளவு தெளிவாகக் கேட்பதில்லை. இரும்புச்சத்து குறைந்தவர்களில் சிலருக்கு மண், பச்சரிசி, ஐஸ் கட்டி தின்னும் ஆசைதான் வருகிறது. ஈரல் தின்னும் ஆசை அல்ல. அதேபோல பி12 குறைந்தால் ஏக்கம் வந்து எச்சரிக்காது. செடிகளில் பி12 கிடையாது. பால், தயிர் குறைவாக எடுக்கும் சைவர்கள், ஆசை வருதா வரலையா என்று பார்க்காமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மொய் விருந்துப் பந்தியில்

நாக்கை விட்டுவிட்டு இலையைப் பார்த்தால் வேறு ஒரு பதில் கிடைக்கும். இந்த வட்டாரத்தில் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து. பலர் சேர்ந்து செலவைப் பங்கிட்டுப் பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு, மொய் வாங்குவார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் இருக்கும். பிறகு திருப்பிச் செய்ய வேண்டும். போகாமல் இருக்க முடியாது. போனால் சாப்பிடாமல் வர முடியாது. சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனிச் சாப்பாடு உண்டு. ஆனால் அது தனிப் பந்தி.

சென்னையில் வேலை பார்க்கும் என் நண்பர் இந்தப் பக்கத்துக்காரர். வளர்த்த கிடாவை வெட்டியதைப் பார்த்துப் பதினாறு வயதில் கறியை விட்டவர். மூன்று வருஷம் வாசம் வந்தால் நாக்கு ஊறியது என்கிறார், பிறகு நின்றுவிட்டது. சென்னையில் வீடு தேடியபோது "வெஜிடேரியன் ஒன்லி" என்ற வீட்டுக்காரர், சாப்பாட்டைக் கேட்டுவிட்டு அடுத்து ஊரையும் சாதியையும் விசாரித்தாராம். "கறி வேணாம்னு நான் சொன்னது ஆட்டுக்காக. அவரு கேட்டது வேற எதுக்கோ" என்றார். அந்த வீட்டை அவர் எடுக்கவில்லை.

இதனால்தான் "ஒரு வாய் சாப்பிட்டா என்ன?" என்பதும் "சீச்சீ" என்பதும் ஒரே அளவுக்குக் குத்துகிறது என்பேன். முதலாவது ஒருவருடைய முடிவை விளையாட்டாக்குகிறது. இரண்டாவது, விருந்து போட்டவரின் வீட்டையே அசுத்தம் என்கிறது.

திருவரங்குளத்திலிருந்து சற்றுத் தூரத்தில் சித்தன்னவாசல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமணத் துறவிகள் படுத்திருந்த கல் படுக்கைகள் ஏழடிப்பட்டத்தில் இருக்கின்றன. கொல்லாமையை உயிராக நினைத்தவர்களின் குகைக்கோயில் விதானத்தில், பிற்காலத்தில் வரைந்த தாமரைக் குளத்தில், மீன்கள் நீந்திக்கொண்டிருக்கின்றன.

போன ஆடியில் நண்பரிடம் நேராகவே கேட்டேன், "இப்ப எதையாவது மிஸ் பண்றியா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்லி எலும்ப எங்கப்பா தட்டித் தருவாரு. அவரு பக்கத்துல உக்காந்து தின்னது..." என்றவர், அதற்குள் அப்பா கூப்பிடும் சத்தம் கேட்டு எழுந்தார். அப்பா அன்று சைவப் பந்தியில் இரண்டு இலைக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.