பில்டில் லின்ட்: ஏன், எப்படி?

சி மொழியின் கம்பைலர் கண்டுகொள்ளாமல் விடும் பிழைகளைப் பிடிக்க, பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1970-களின் பிற்பகுதியில் 'லின்ட்' என்ற கருவியை எழுதினார். லின்ட் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. வாசித்தே சந்தேகங்களைச் சொல்கிறது. நிபந்தனை வரியில் இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் விழுந்தால், ஒப்பிட வேண்டிய வரி மதிப்பையே மாற்றிவிடும். இலக்கணப்படி அது சரியான வரிதான், அதுதான் ஆபத்து.

இந்தச் சோதனையை ஆளின் நினைவுக்கு விட்டால் அவசர நாளில் மறந்துபோகும். ஆகவே நிரலை இயங்கும் வடிவாக்கும் 'பில்ட்' என்ற தானியங்கு வேலையிலேயே அதைச் சேர்க்க வேண்டும், அதுவும் தொடக்கத்திலேயே. மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர்ப் பாலை அமிலம் கலப்பதற்கு முன்பே வடிகட்டுவார்கள். உறைந்த பிறகு பட்டைத் துணுக்கைப் பிரிப்பது பெரும்பாடு. லின்ட்டும் அப்படியே பில்டின் முதல் படிகளில் இருக்க வேண்டும். பிழை கண்டால் கருவி பூச்சியமல்லாத எண்ணைத் திருப்பித் தரும். அதைத் தோல்வியாகக் கொண்டு பில்ட் அங்கேயே நின்றுவிடும்.

பழைய நிரலில் எல்லா விதிகளையும் ஒரே நாளில் திணித்தால் எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் குவியும், யாரும் படிக்கமாட்டார்கள். இருப்பவற்றைப் பதிந்து வைத்துவிட்டு, புதிதாக மாறும் வரிகளில் மட்டும் கண்டிப்பு காட்டுவதே நல்ல வழி. கருவியின் பதிப்பு எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் ஒருவரிடம் தேறிய நிரல் பில்டில் தோற்கும்.